ஏழாம் மாடித் திருப்பம்

லிஃப்ட் செத்துப்போன பத்தொன்பதாம் நாள்
ஜெலுத்தோங் கடையில் ஐந்து கிலோ களிமண் வாங்கினேன்.
இருபத்திரண்டு வெள்ளி.
அதையும் ஒன்பது மாடி தூக்கித்தான் ஏறினேன்.

வேலை பாயான் லெப்பாசில்.
பன்னிரண்டு மணிநேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து
நகக்கண் அளவுச் சில்லுகளில் கீறல் தேடுவேன்.
ஓய்வு நாளில் கண்ணுக்குப் பெரிதாக ஏதாவது வேண்டும்.
ஒரு சாண் மனிதன் போதும்.

எங்கள் புளோக்கில் எல்லாரும்
ஏழாம் மாடித் திருப்பத்தில்தான் நிற்பார்கள்.
ஆறில் நிற்பது கௌரவக் குறைச்சல்.
எட்டுவரை போக யாரிடமும் மூச்சு இல்லை.
அங்கே வைத்துத்தான் அவர்களைத் திருடினேன்.

வேதவல்லி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருப்பாள்,
யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி.
குவான் கூண்டைக் கீழே வைக்க மாட்டார்,
குருவிக்கு மயக்கம் வருமாம்.
ரொஹாயா படியில் உட்கார்ந்து
போனில் நிர்வாகத்தைத் திட்டுவாள்,
மறுமுனையில் ஆள் இல்லாதபோதும்.

ஷஹிதுல் மட்டும் நிற்பதில்லை.
தோளில் கேஸ் தோம்பு.
நின்றால் மறுபடி கால் எழும்பாது என்று
ஏறிக்கொண்டே சொல்லிவிட்டுப் போவான்.
அதனால் அவன் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது.
பிடரி நரம்பிலிருந்து மேலே
ஊகித்துச் செய்தேன்.

பொம்மை உள்ளே காலியாக இருக்க வேண்டும்.
கம்பியால் இடுப்பில் அறுத்து
வயிற்றைக் குடைந்து
மண்குழம்பு தடவித் திரும்ப ஒட்ட வேண்டும்.
குவானை அறுக்கும்போது
வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு சாயம்.
நீலம் என்று எழுதிய புட்டியில்
வெளிறிய ஊதா இருக்கும்.
சூளைக்குள் போய் வந்த பிறகுதான்
தன் பெயரை ஒத்துக்கொள்ளும்.
ரொஹாயாவின் துடோங்கை
வெறும் நம்பிக்கையில்தான் பூசினேன்.

தோம்பை மட்டும் குடையவில்லை.
சோம்பல்தான், வேறென்ன.
இரவு வேலைக்கு பஸ் வந்துவிடும்.
நவம்பர் மழை வேறு,
இந்தத் தீவில் அந்த மாதம்
துணியே உள்வரை காய்வதில்லை.

சூளைக்காரி சியூ லிங் போன் செய்தாள்.
‘உன் கேஸ் வெடித்துவிட்டது.’
அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

குவானின் கூண்டு போயிற்று.
வேதவல்லிக்கு மூக்கு நுனி.
யாரோ செய்த பூனைக்கு வால்,
அதற்கு முப்பது வெள்ளி கட்டினேன்.
ஷஹிதுலுக்கு வலத்தோள் முழுதும்.
நான் ஊகித்த முகம் மட்டும்
கீறலில்லாமல் வெந்து நின்றது.
துடோங் நீலமாகத்தான் வந்திருந்தது.

நால்வரையும் ஏழாம் மாடிச் சாளரத் திட்டில் வைத்தேன்.
அந்த வாரமே லிஃப்ட்டைச் சரிபார்த்துவிட்டார்கள்.
பிறகு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள்?
கூண்டில்லாமல் நிற்பதைக் குவான் பார்க்கவே இல்லை.
ஒரு விதத்தில் நல்லது.

ஆனால் லிஃப்ட்டில் கேஸ் ஏற்றக்கூடாது என்று
புது நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

சனிக்கிழமை தூசி துடைக்க இறங்கினேன்.
அவன் நின்றுகொண்டிருந்தான்.
நின்றுகொண்டிருந்தான்,
தோம்பு தோளில், வியர்வை மூக்கில்.
‘இது நானா?’
ஆமாம் என்றேன்.
‘தோம்பு எங்கே?’
வெடித்துவிட்டது என்றேன்.
கொஞ்சம் யோசித்தான்.
‘நல்லது’ என்றான்.

அப்புறம், ‘மூக்கு என்னுடையது இல்லையே’ என்று
வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக் காட்டினான்.
எப்போதோ உடைந்து
இடப்புறம் ஒதுங்கிக் கூடிய எலும்பு.
என் கையில் மண் இல்லை, பென்சில் இல்லை,
துடைக்கிற துணி மட்டும்.

பத்து நொடி இருக்கும்.
தோம்பை இறக்கவில்லை.
பிறகு எட்டாம் மாடிக்குப் போனான்.