எதிர் மில்

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நெய்னா முகம்மது மில்,
இந்தப் பக்கம் என்னுடையது.
பேராவூரணி தாண்டி, புது ஆற்றின் கடைமடையில்,
நடுவே இருபத்திரண்டு அடி தார்.

நார்த்தூளை அவர் மூன்று தண்ணீர் அலசினால்
நான் நாலு.
அவர் களத்துக்கு சிமென்ட் போட்ட வாரம்
என் வளையல் அடகுக்குப் போனது.
ஈ.சி. மீட்டரைப் பச்சைக் குழந்தைபோல
துண்டில் சுற்றி வைத்திருப்பார்.
மறுமாதம் எனக்கும் ஒன்று வந்தது.

வரும் மட்டை லாரியை வழியில் நிறுத்தி
ஐந்து பைசா கூட்டித் தன் பக்கம் திருப்புவார்.
அவருடைய ஃபோர்மேனை நான் சம்பளம் கூட்டி இழுத்தேன்.
ஒரு கல்யாணப் பந்தியில் எதிரெதிர் இலை,
பாயசம் வரும்வரை இரண்டு பேரும் இருக்கவில்லை.

அந்த வருஷங்களில் ராட்டர்டாமிலிருந்து
ஒரு கட்டிகூடத் திரும்பியதில்லை.
டச்சுக்காரன் கேட்டது அரைப் புள்ளி,
நாங்கள் அனுப்பியது அதற்கும் கீழே.
அவனுக்கு யார் பயந்தார்கள்?
விடியக்காலம் நாலு மணிக்கு
எதிர்ப்பக்கம் எரியும் ட்யூப்லைட்டுக்குத்தான் பயம்.

பிறகு ஒரு நாள் அந்தக் கேட்டில் பூட்டு.
அதிராம்பட்டினத்தில் மகளோடு போய்விட்டாராம், மூச்சு வாங்குகிறதாம்.
பொய் சொல்வானேன்,
ஆட்களுக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

மட்டை என் விலைக்கு வந்தது.
நாலு தண்ணீர் மூன்றாயிற்று.
ஆற்றில் முறை வைத்த மாதம், இரண்டு.
லேப்பில் தையல்நாயகி மட்டும்
எண்ணை எழுதி அதைச் சுற்றிப் பென்சிலால்
ஒரு வட்டம் போட்டு வைத்தாள்.
அதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

கார்த்திகையில் மெயில் வந்தது.
ஒன்று புள்ளி நாலு.
தக்காளி வேர் கருகிய படம் இணைப்பில்.
இரண்டு கன்டெய்னர்,
திரும்பி வரும் கப்பல் கூலியும் என் தலையில்.

அன்று இரவு எதிர்ப்பக்கம் பார்த்தேன். இருட்டு.
அந்த இருட்டில்தான்
இரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

காலையில் நெய்னாவுக்கு போன் போட்டேன்.
'மில்லை வாங்கப் போறியாம்மா?'
'இல்லண்ணே. ஆள் பார்த்திருக்கேன்.
பொள்ளாச்சிக்காரன். ஒத்த பைசா விட மாட்டான்,
தூங்கவும் மாட்டானாம்.'

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
அப்புறம் வந்தது இருமலா சிரிப்பா தெரியவில்லை.
'உனக்கு இப்ப எத்தன தண்ணி?'

'நாலு' என்றேன்,
மோட்டார் ரூம் சாவியைத் தேடிக்கொண்டே.