ஐம்பதுக்குக் கீழே

முதல் ஆல்பத்தை மண்டபத்து ஐஸ் பேக்டரியில் செய்தோம்.
ஸ்டுடியோவுக்குக் காசில்லை என்பது பாதிக் காரணம்.
மீதி, அங்கே கம்ப்ரஸர் ஏற்கெனவே
பாடிக்கொண்டிருந்தது.

டெல்பினா காதை இரும்பில் வைத்துச் சொன்னாள்:
'ஜி. கொஞ்சம் ஏறி நிக்குது.'
ஐம்பது ஹெர்ட்ஸ் கரண்ட் அப்படித்தான்,
எந்தக் கட்டைக்கும் முழுசாக அடங்காது.
ஆனால் அது பவர்கட் காலம்.
சாயங்காலம் ஊரெல்லாம் விளக்கைப் போட்டதும்
ரீங்காரம் நாற்பத்தொன்பதுக்கு இறங்கும்.
பற்றாக்குறையில்தான் சுருதி சேர்ந்தது.
அந்தச் சில நிமிடங்களுக்காகப்
பதினெட்டு சாயங்காலம்
சூடை வாசத்தில் உட்கார்ந்திருந்தோம்.

பெயர் கேட்டார்கள். கச்சான் என்றோம்,
ஆனியில் மணலை அள்ளி முகத்தில் எறிகிற காற்று.
யாழ்ப்பாணத்திலிருந்து ஒருத்தர் கடிதம் போட்டார்:
'வேர்க்கடலைக்கு ஏன் இவ்வளவு துக்கம்?'
இரண்டாவது ஆல்பத்தின் அட்டையில்
ஒரு பொட்டலம் கடலை.

நான் பனைக்குளம், பெண்கடல் பக்கம்.
அவள் குந்துகால், ஆண்கடல்.
ஒன்று கொந்தளிக்கும்போது மற்றது குளமாய்க் கிடக்கும்,
நாங்களும் அப்படித்தான் என்று
பேட்டிகளில் சொல்வாள்.
பொய்.
இரண்டும் சேர்ந்து புரண்ட வருஷங்கள் உண்டு.

நிமிடத்துக்குத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கினோம்.
பெரியபட்டினத்துக் கல்யாணமொன்றில்
மாப்பிள்ளையின் மச்சான் மேடையேறி
'பேட்டரி இறங்கிருச்சா பாய்?' என்றான்.
அடுத்ததில் எழுபத்தாறு.

காற்று ஐம்பத்தெட்டைத் தாண்டினால்
பாம்பன் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள்.
மண்டபம் ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் நின்ற பெட்டியில்
ஒரு குழந்தை டிபன் பாக்ஸைத் தட்டியது,
நிறுத்தியது, மறந்தது,
நினைவு வந்து மறுபடி ஒரு தட்டு.
டெல்பினா போனை நீட்டினாள்.
மூன்றாவது ஆல்பத்தின் மொத்தத் தாளமும் அவ்வளவுதான்.
அலைகளின் லயம் என்று ஒரு பத்திரிகை எழுதியது.

அதற்குப் பிறகு எங்களைக் கோவாவுக்குக் கூப்பிட்டார்கள்,
சூரியன் விழுகிற முக்கால் மணி நேரத்துக்கு மட்டும்.
சென்னையில் ஒரு பல் ஆஸ்பத்திரி லிஃப்டில்
எங்கள் பாட்டோடு மூன்று மாடி ஏறினோம்.
கூட வந்தவர் சொன்னார்,
'நல்லா ரிலாக்ஸா இருக்குல்ல?'
வெளியே வந்து டெல்பினா சொன்னாள்:
'கோட்டுப் பக்கத்துல எஞ்சின் நின்ன படகுல
எங்கண்ணன் மூச்சடக்கிக் கெடந்தது அது.
ரிலாக்ஸாமே.'

எனக்கு அதுவரை தெரியாது.
அந்தப் பாட்டை நான்தான் மிக்ஸ் செய்தேன்.

நாலாவதில் குரல் வேண்டுமென்றாள். வேண்டாமென்றேன்.
பதினான்கு மாதம் பேச்சில்லை.
பிறகொரு ராத்திரி ஒரு பைல் வந்தது,
பெயர்: 'சதக் தொடாதே'.
பதினோரு நிமிடம். ஒரு அடிகூட இல்லை.
அண்ணனின் ஜிபிஎஸ்ஸில் சேமித்திருந்த புள்ளிகளை
ஒவ்வொன்றாக வாசிக்கிறாள்,
ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்கிற குரலில்.
நான் தொட்டேன்.
நாலாவது நிமிடம் பன்னிரண்டாவது வினாடியில்
ஒரே ஒரு பேஸ் டிரம்.
விடிவதற்குள் போன் வந்தது:
'இன்னும் கொஞ்சம் தள்ளி வை.'

போன மாதம் அதே ஐஸ் பேக்டரியில் பழைய பாட்டை வாசித்தோம்.
இப்போது கரண்ட் ஆடுவதில்லை,
ஐம்பது என்றால் ஐம்பது.
எங்கள் பாட்டு மட்டும்
இன்னும் நாற்பத்தொன்பதில் நிற்கிறது.
ஏற்றிவிடலாம் என்றேன்.
டெல்பினா கையைக் காட்டி நிறுத்தினாள்.

கம்ப்ரஸரும் பாட்டும் ஒன்றையொன்று உரசி
நடுவில் ஏதோ வீங்கியது, வற்றியது,
வினாடிக்கு ஒருமுறை,
யாரும் அடிக்காமல்.

டிரம் மெஷினின் பிளக்கை
நானே பிடுங்கினேன்.
ஐஸ் ஏற்ற வந்த பையன்
பாரைத் தோளில் வைத்தபடி
அதன் கணக்குக்கு நடந்து போனான்.