எந்தத் தண்ணி?

"உங்க வீட்டுல எந்தத் தண்ணி மேடம்?"
டை கட்டிய பையன் வாசலிலேயே கேட்டான்.
பதில் சொல்லக் கீழே போய்
சம்ப் மூடியைத்தான் திறந்துகாட்ட வேண்டும்.
ஒருநாள் விட்டு ஒருநாள்
மெட்ரோ வாட்டர் அரைமணி இருமிவிட்டுப் போகும்.
போர் தண்ணீர் என்றும் உண்டு:
வாளியின் கழுத்தில் வெள்ளை வளையம் போட்டு
ஹீட்டர் சுருளைச் சுண்ணாம்பாக்கி
சோப்பை நுரைக்கவிடாத தண்ணீர்.
சித்திரை பிறந்தால் லாரி.
எந்தக் கிணற்றில் ஏற்றியது என்று
டிரைவர் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.
மூன்றும் ஒரே இருட்டில் கலந்து
மேடவாக்கத்தில் மூன்றாம் மாடி ஏறும்போது
அதற்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை.

பையன் பெயர் ரியாஸ்தீன்.
பேனா மாதிரி ஒரு மீட்டர்.
எங்கள் குழாயில் ஆயிரத்து நூற்றெண்பது,
அவன் பாட்டிலில் முப்பத்திரண்டு.
பிறகு இரண்டு டம்ளரிலும் கம்பி இறக்கி
ஸ்விட்சைப் போட்டான்.
எங்களுடையது பழுத்துப் பச்சையாகிச்
சாக்கடையாய்ப் பொங்கியது.
"இதைத்தான் குடிக்கிறீங்க."
எதிர்வீட்டு ஹெப்சிபா வாயில் கைவைத்தாள்.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன், பதினான்கு வருஷமாக.
உப்பு ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து
அவனுடைய சுத்தத்தில் போட்டேன்.
"இப்ப ஸ்விட்சைப் போடுங்க தம்பி."
அதுவும் பழுத்தது.
கரைவது கம்பி.
அவனுக்கு அது தெரியாது என்று முகம் சொன்னது.
ஜெயித்தது போலவே இல்லை எனக்கு.
உட்காரவைத்து மோர் கொடுத்தேன்.
மோரில் எந்தத் தண்ணீர் என்று அவன் கேட்கவில்லை.
பாதி குடித்ததும் குரலைத் தாழ்த்தி
வேறு கம்பெனி மாடல் ஒன்றைச் சொன்னான்,
நாலாயிரம் குறைவு.

ஆனால் அவன் கேள்வி சரியான கேள்வி.
வார்டில் காலை ஐந்தரைக்கு என் முதல் வேலை
தண்ணீரில் குளோரின் மிச்சமா என்று பார்ப்பது.
ஒருவருக்கு ஒரு தடவைக்கு நூற்றிருபது லிட்டர்
சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடும்,
இந்தப் பக்கம் ரத்தம்.
அங்கே நான் தடுமாறியதில்லை.
வீட்டில் எல்லாமே தடுமாற்றம்.
மீட்டர் உப்பை எண்ணும், கிருமியை எண்ணாது.
மெட்ரோ மட்டும் வந்தால் யூவி விளக்கே போதும்.
போருக்கு ஆர்.ஓ. இல்லாமல் ஆகாது,
அதுவோ ஒரு குடம் கொடுக்க
மூன்று குடம் கொட்டும்,
குடத்தோடு லாரிக்கு நின்ற ஊரில்.

மூன்றாம் நம்பர் படுக்கை எட்வின்,
ஷேர் ஆட்டோ ஓட்டியவர், வயது முப்பத்துநாலு.
நாளுக்கு முக்கால் லிட்டர் அவர் கணக்கு,
மருந்து மூடியில் அளந்து குடிக்கிறவர்.
"எந்த மெஷின் வாங்கப்போறீங்க சிஸ்டர்?"
குழப்பத்தை எல்லாம் சொன்னேன்.
கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்,
கல்யாண விருந்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி.
"எதையோ வாங்குங்க.
மொத டம்ளர மட்டும்
நின்னுக்கிட்டே ஒரே மூச்சுல குடிச்சிருங்க."

ஆர்.ஓ., யூவி இரண்டும் சேர்ந்தது வாங்கினேன்,
கொஞ்சம் உப்பை விட்டுவைக்க ஒரு திருகும் உண்டு.
கழிவுக் குழாய் நீல டிரம்முக்கு,
டிரம் கழிவறைக்கு, தரைக்கு.
முதல் டம்ளரில் பாதிக்குமேல் முடியவில்லை.
மீதியைக் கீழே ஊற்றவும் முடியவில்லை,
இரவு வரை மேடையில் இருந்தது.

இப்போதெல்லாம் திருகைத் தொடுமுன்
வாட்ச்மேன் பெருமாள்சாமிக்கு போன் போடுகிறேன்.
"இன்னிக்கு எந்தத் தண்ணி அண்ணே?"
சம்ப் மூடி நகரும் சத்தம்.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
"தெரியலம்மா.
தண்ணி இருக்கு."