மெழுகுவர்த்தி வகுப்பு

குத்தாயிசி நகரத்தில் அப்பாவை 'மாமா' என்பார்கள்.
நமக்குச் சிரிப்பு வரும்.
அம்மாவுக்கு அங்கே 'தேதா'.

மாமா எளிது.
உதடு மூடித் திறப்பதைக் கண்ணால் பிடித்துவிடலாம்.
தேதா பல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.
ஆகவே தெக்லே,
பிறந்ததிலிருந்து ஓசை எதுவும் எட்டாத தெக்லே,
நாலு வயதில் முதலில் கூப்பிட்டது
எப்போதாவது வீட்டுக்கு வரும் கோச்சாவை.
சியாலா கைதட்டினாள்.
பிறகு அடுப்படிக்குப் போய்
வெகுநேரம் மாவு சலித்தாள்.

வகுப்பில் ஒரு மெழுகுவர்த்தி.
ஜார்ஜிய மொழியில் பகரம் மூன்று.
ஒரு பகரத்தில் 'புரி' என்றால் ரொட்டி,
சுடர் ஆடாமல் நிற்க வேண்டும்.
இன்னொன்றில் அதே 'புரி' பசு,
சுடர் சாய வேண்டும்.
உதட்டில் இரண்டும் ஒன்றேதான்,
நம் எழுத்திலும்தான்.
ரொட்டி கேட்கத்தான் வாய் திறப்பாள் தெக்லே,
சுடர் அணைந்துவிடும்.
"பசு" என்பார் ம்ஸெவினார் டீச்சர். "மறுபடி."
ஒரு வருஷம் முழுக்கப் பசு,
ரொட்டி சுடுகிறவளின் மகளுக்கு.
நம்மிடம் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு.
அங்கே அதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

டீச்சர் கெட்டவர் இல்லை.
சண்டை ஓய்ந்தும் மின்சாரம் திரும்பாத அந்த ஆண்டுகளில்,
சம்பளம் வராத மாதங்களிலும்,
மெழுகுவர்த்தியைச் சொந்தக் காசில் வாங்கிவந்தார்.
"கையைக் காட்டினால் வாய் சோம்பிப்போகும்" என்றார்.
நம்பித்தான் சொன்னார்.
சியாலாவும் நம்பினாள்.
மூன்று வருஷம்
மேலங்கிப் பைக்குள் கைகளைப் போட்டுக்கொண்டு
மகளிடம் பேசினாள்:
சாப்பிடு. தூங்கு. என்ன வேண்டும்.
என்ன வேண்டும்.

மார்ச்சில், பஸ் சீக்கிரம் வந்துவிட்ட ஒரு நாள்,
பள்ளிக்கூடத்தின் பின்சுவரோரம், கரி கொட்டிவைத்த இடத்தில்,
எந்த ஜன்னலுக்கும் எட்டாத மூலையில்
ஏழெட்டுப் பிள்ளைகள் வட்டமாய்.
நடுவில் தெக்லே கதை சொல்கிறாள்,
தோளால், புருவத்தால், பத்து விரலால்.
ஒரு பஸ். ஒரு நாய். பனியில் வழுக்கி விழும் யாரோ.
ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.
விழுந்தவர் வரும்போதெல்லாம் ஒரே சைகை:
இரண்டு விரலை இடது முன்கையில் வைத்துக்
குறுக்கே ஓர் இழுப்பு.

சியாலா தன் சட்டைக்கையை மடக்கிப் பார்த்தாள்.
ரொட்டி அடுப்பின் விளிம்பு சுட்ட தழும்பு.
அதே இடம், அதே நீளம்.

எத்தனை நாளாய் இந்தப் பெயர்?
எத்தனை முறை கூப்பிட்டாளோ
நான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தபோது.

வியாழக்கிழமை வகுப்பை நிறுத்தவில்லை.
டீச்சரோடு சண்டை போடவும் இல்லை,
அந்தத் துணிச்சலுக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.
'தேதா' கூட வந்தது, பதினோரு வயதில்,
துருப்பிடித்த கதவை இழுக்கிற மாதிரி.
அதுவும் பிடித்திருந்தது சியாலாவுக்கு,
பொய் சொல்வானேன்.

ஆனால் அந்த மார்ச் இரவில்
வழக்கம்போல் விளக்குகள் போயின.
குரலுக்கு இருட்டு ஒரு பொருட்டில்லை.
கைகளுக்கு வெளிச்சம் வேண்டும்.
மேசையில் மெழுகுவர்த்தியை ஏற்றி
மகளின் வாய்க்கு நேரே வைக்காமல்
சற்றுத் தள்ளி வைத்தாள்.
தெக்லே, பாடம் என்று நினைத்து,
மூச்சை இழுத்து உதடு குவித்தாள்.

வேண்டாம் என்று தலையசைத்து
மாவு ஒட்டிய கைகளைத் தூக்கினாள் அம்மா.
அவள் என்ன சொன்னாளோ,
தப்பாய்த்தான் இருந்திருக்கும்.
மகள் அந்த விரல்களைப் பிடித்து
மடக்க வேண்டியதை மடக்கி
நீட்ட வேண்டியதை நீட்டிவிட்டுப்
புருவத்தை உயர்த்தினாள்:

மறுபடி.