இரண்டு டாலர் சீட்டு

விஸ்கான்சினில் ஜனவரி.
ஏரி இறுகிவிட்டதென்று
லாரியையே ஓட்டிக் காட்டுகிறார்கள்.

எஞ்சின் கழற்றிய பச்சைக் கார் ஒன்றை
இழுத்து வந்து
நடு ஏரியில் நிறுத்தியாயிற்று.
என்றைக்கு மூழ்கும்?
சீட்டு இரண்டு டாலர்,
வசூல் தீயணைப்பு நிலையத்துக்கு.

ஆர்லிஸ், ஏப்ரல் ஒன்பது என்றாள்.
ஓர்வில், இருபதாம் தேதி.
கல்யாணமான வருடத்திலிருந்து
இதே சண்டை.

துளை போட்டுத் தூண்டிலை இறக்கி
குந்தியிருக்கிறோம்.
மீன் கடிக்கவில்லை,
காதைத்தான் கடிக்கிறது குளிர்.
பொரித்த சீஸ் சுற்றிய காகிதம்
எண்ணெயில் கண்ணாடியாகிக்கொண்டிருக்கிறது.

காலடியில், எங்கோ ஆழத்தில்,
ஏரி ஒருமுறை முனகியது.

பேச்சை நிறுத்தி
எல்லோரும் காரைப் பார்த்தோம்.
அசையவில்லை.
யாரோ சிரித்தார்கள்.
பாண்டு வாத்தியம் திரும்பத் தொடங்கிற்று.

ஓர்வில் மட்டும்
கையுறையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்
இன்னொரு சீட்டு வாங்கி வந்தான்.

மார்ச்.