போர்ட் சுத்தம் – 1

கடைப் பலகையில் செல் என்ற சொல்லை மட்டும்
செல் அரித்துவிட்டது.
மிச்சம் வேர்ல்டு.
ரிச்சி தெருவில் இதற்கெல்லாம்
யாரும் நின்று சிரிப்பதில்லை.
வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய மவுஸ்.
எது எடுத்தாலும் நூறு என்று அட்டை வைத்தும்
மவுசு இல்லை.
வால் சுருட்டிக் கிடக்கின்றன.

பத்தரைக்கு டெல்பின் வந்தாள்.
தோளில் மழைக்கோட்டு, விரலிடுக்கில் செதில்,
காசிமேட்டிலிருந்து பஸ் மாறி வந்த முகம்.
"நெட்டு அறுந்துபோச்சுக்கா."

சிம்மைக் கழற்றித் துடைத்து
என் போனில் போட்டுப் பார்த்தேன்.
நாலு கோடும் நின்றன.
"நல்லாத்தானே இருக்கு?"
"எது நல்லாருக்கு?
முந்நூறு கிலோ நெட்டு, ரெண்டு லட்சம்,
புரொபெல்லர்ல சுத்திக் கந்தலாப் போச்சு."
"எங்கே?"
"போர்ட்டுக்கு வெளியே."

அவள் போனைத் திருப்பினேன்.
இதன் போர்ட்டும் அடைத்துத்தான் இருந்தது.

"கேஸ் போடணும்" என்றாள்.
பழக்கதோஷம், கை தானாகச் சுவரைக் காட்டியது.
கண்ணாடி கேஸ், ரப்பர் கேஸ்,
மயிலிறகு ஒட்டிய கேஸ்.
மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இதுல எதைப் போட்டா
கப்பல்காரன் பயப்படுவான்?"

நாளை சாயங்காலத்துக்குள் மீன்வளத்துறையில்
படம் கொடுக்க வேண்டுமாம்.
படமெல்லாம் இதில்தானாம்.
இது மூன்று நாளாக சார்ஜ் ஏறவில்லையாம்.

லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு
ஊசியால் சுரண்டினேன்.
வெள்ளையாய் உதிர்ந்தது.
விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன்
(செய்யக்கூடாது, செய்வேன்).
உப்பு.
அரிசி அகல வாய்க்குள்
ஒரு இழை பாசிகூட இருந்தது.
அலைதடுக்கும் கல் ஒன்றுதான் குறை.

ஆயிரம் போர்ட் மாற்றியிருப்பேன் இந்த மேஜையில்.
ராயபுரத்தில்தான் குடியிருக்கிறேன்,
மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனால்
கிரேன்களின் கழுத்து தெரியும்.
அந்தச் சொல்லும் இந்தச் சொல்லும்
ஒரே வீட்டில் சோறு தின்றவை என்று
இத்தனை வருஷம் தோன்றவே இல்லை.

போன் எழுந்தது.
படங்கள் தபால்தலை அளவில், மங்கலாக.
இடம் போதவில்லை என்று பையன்
எதையோ அழுத்தியிருக்கிறான்.
"பயப்படாத. கிளவுட்ல இருக்கும்."

டெல்பின் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள்.
சேப்பாக்கம் பக்கம் கறுத்திருந்தது.
கேலிக்குத்தான் பார்த்தாள்,
அப்படித்தான் நினைக்கிறேன்.
"எறங்குமா?"
"எறங்கும். சர்வர்தான் கொஞ்சம் ஸ்லோ."
எதிர் மெஸ்ஸில் சர்வர் ஏகாம்பரம்
சாம்பார் வாளியோடு நின்று
நீளமாகக் கொட்டாவி விட்டார்.

முதல் துளி விழுந்தபோது முதல் படம் இறங்கியது.
பிறகு ஒவ்வொன்றாக.
நீல நைலான். பிய்ந்த கண்கள்.
ஒரு கண்ணுக்குள் கை நுழைத்து
இன்னொரு கண் வழியே எடுக்கிறான் அவள் புருஷன்.
அடுத்ததில், புடவைக்கடைக்காரன் மாதிரி
முழுசையும் விரித்துப் பிடித்திருக்கிறான்,
முகம் வலைக்குப் பின்னால்.
கடைசிப் படத்தில் கப்பலின் பின்பக்கம்,
பெயரில் பாதி.

"பாதி போதுமாக்கா?"
எனக்குத் தெரியவில்லை.
தெரியவில்லை என்றே சொன்னேன்.

நூற்றைம்பது கேட்டேன். நூறு கொடுத்தாள்.
மீதியை ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரமாகத் தருகிறாளாம்.
பில் புத்தகத்தில் எழுதினேன்:
போர்ட் சுத்தம் – 1.
அடுத்த வரியில் வழக்கம்போல்
கேஸ் என்று எழுதப்போய் நிறுத்திக்கொண்டேன்.
அது அவளுடையது.

ராத்திரி பதினொன்று. மழை விடவில்லை.
தெருக்கோடிக்கு அப்பால் ஏதோ ஒரு கப்பல்
உள்ளே வரக் கேட்டு ஊதியது.
தலைமாட்டில் தடவி என் போனைச் செருகினேன்.
சரியாக உட்காரவில்லை.
இருட்டில் திருப்பி,
மெதுவாக, மறுபடி.
பிடித்துக்கொண்டது.