மெரியானா என்ன சொன்னாள்

முந்நூறு மாடுகளையும் விற்று
கடனும் வரியும் போக மிஞ்சியதில்
கையெழுத்துப் போட்டோம், பிப்ரவரியில்.
கூரை முழுக்கக் கண்ணாடி. குளிருக்குச் சூடேறும் இருக்கைகள்.
நிறத்துக்குக்கூட ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: காட்டு மழை.
பச்சைதான்.
முப்பத்தோரு வருஷம் புல்லிலும் சாணியிலும் நின்றவர்களுக்கு
பச்சை இன்னும் அலுக்கவில்லையா என்றாள் ஷோனா.
அவளேதான் அந்த நிறச் சிட்டையைக் கிழித்து
கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜூனில் வந்துவிடும் என்றாள் மெரியானா.
இன்வர்கார்கில் ஷோரூமில் அவள் மேஜைமேல்
ஒரு கிண்ணம் புதினா மிட்டாய்.
நான் இரண்டு எடுத்தேன்.
இவ்வளவு பணம் கட்டியவனுக்கு
இரண்டாவது மிட்டாய் உரிமை என்று பட்டது.

ஜூனில், சில்லு வரவில்லை என்றாள்.
நகத்தளவுதானாம். அது இல்லாவிட்டால்
இரண்டரை டன் இரும்புக்குத்
தன் கதவு எதுவென்றே தெரியாதாம்.
தலை மாட்டிக்கொண்ட கன்றுகளை
நடுநிசியில் கயிறு கட்டி இழுத்தவன் நான்.
இதில் எங்கே கட்ட, கயிற்றை?

ஜூலை. வேலிக்கம்பியெல்லாம் உறைபனி.
பழைய வண்டியை அவசரப்பட்டு
பக்கத்துப் பண்ணை ஃபின்லேவுக்கு விற்றிருந்தேன்.
நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடியது,
நாய் கடித்த சீட்டோடு சேர்த்து.
இப்போது கடைக்குப் போக அதையே இரவல் கேட்கிறேன்.
ஒரு தடவைக்கு ஒரு சுமை விறகு.
விற்ற காசு முழுவதும்
அவன் கொட்டகையில் அடுக்கியிருக்கிறது.
"கிளட்சை ரொம்ப மிதிக்காதீங்க" என்கிறான்.
என் கிளட்சை,
என்னிடம்.

செப்டம்பரில் கப்பல் கிளம்பியது.
ஷோனா நாட்காட்டியில் ஒரு சின்னக் கப்பல் வரைந்தாள்.
பிறகு மெரியானா மெல்லிய குரலில்:
"கப்பலில் பூச்சி."
என்ன பூச்சி?
"நசுக்கினால் நாறுமே, அது."
துறைமுகத்தில் விடவில்லையாம்,
புகை போட்டுவர வந்த வழியே அனுப்பிவிட்டார்களாம்.
ஷோனா சிரித்த சிரிப்பில்
சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.
நான் சிரிக்கவில்லை.
அன்று மெரியானாவிடம் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.
சற்று நேரம் மௌனம். பிறகு,
"அதையும் குறித்துக்கொள்கிறேன், மிஸ்டர் மக்ராய்."

அடுத்த வியாழன் நான்கு மணிக்கு
மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன்.
கேட்க வாய் வராமல், அங்கே மழையா என்றேன்.
மழைதான்.
அவள் அப்பா பிளஃபில் சிப்பிப் படகு வைத்திருந்தவராம்,
காற்று இந்தப் பக்கம் திரும்பினால்
மூன்று நாள் விடாது என்பாராம்.
விடவில்லை.
அதற்கடுத்த வியாழன் அவள் மகனுக்கு முன்பல் ஆடியது.
அதற்கடுத்து, ஷோனாவின் முழங்கால் எப்படி என்று கேட்டாள்.
போனை வைத்ததும் அடுப்படியிலிருந்து குரல் வரும்:
மெரியானா என்ன சொன்னாள்?
பல் விழுந்துவிட்டது என்பேன்.
வண்டியைப் பற்றி இருவருமே கேட்க மறந்த வாரங்கள் உண்டு.

நவம்பரில் வந்தேவிட்டது.
ஷோனா சிட்டையை எடுத்துக் கதவோடு ஒட்டிப் பார்த்தாள்.
"கொஞ்சம் கருப்பு" என்றாள், திருப்தியாக.
மெரியானா சாவி தந்தாள், கை குலுக்கினாள்,
மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.
ஒன்றுதான் எடுத்தேன்.
வீடுவரை அறுபத்தைந்து கிலோமீட்டர்.
எங்கள் பாதையின் சரளைக்கல் சத்தம்கூட
உள்ளே வரவில்லை.
வந்து சேர்ந்துவிட்டோமா என்று
இறங்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

வியாழன், மணி நான்கு.
வண்டிக்குள் உட்கார்ந்து
நானூறு பக்கக் கையேட்டில்
ஒரு சந்தேகம் தேடினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்: பின்கண்ணாடித் துடைப்பான்.
போட்டுப் பார்த்தேன்.
குறை சொல்ல முடியாதபடி துடைத்தது.
எண்ணை அழுத்தினேன்.

"இந்தப் பின்னால் இருக்கிற துடைப்பான்..." என்று இழுத்தேன்.

"ஏன்," என்றாள், "அங்கே மழையா?"